ஏறும் ஏலமும் இறங்கும் ஏலமும்

சாய்ந்தமருதுக் கடற்கரையில், சுபஹுத் தொழுகை முடிந்து வெளிச்சம் பரவும் வேளையில் ஒரு நாள் நின்று பார்த்தவருக்கு, ஏலம் என்றால் என்னவென்று பாடநூலைக் கொண்டு விளக்க வேண்டியதில்லை. தோணி கரை சேர்ந்ததும் மீன் மணலில் கொட்டப்படுகிறது. வியாபாரிகள் சூழ்ந்து நிற்கின்றனர். ஏலம் கூறுபவர் ஒரு தொகையைச் சொல்லித் தொடங்குகிறார். ஒருவர் நூறு ரூபாய் கூட்டுகிறார்; மற்றவர் அதற்கு மேல் ஐம்பது வைக்கிறார். இனிக் கூட்டுவார் இல்லை என்ற இடத்தில் விலை நிற்கிறது. கடலில் மீன் குறைந்த நாளில் அந்த விலை உயர்ந்து நிற்கும். கீரி மீன் குவியல் குவியலாக வந்த நாளில் தாழ்ந்து நிற்கும். கிடைப்பதற்கு அரிய பொருளுக்கு விலை கூடும் என்பதைச் சந்தை நமக்குக் கற்பிக்கும் பள்ளிக்கூடம் அந்த மணல்தான்.

இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வாசகர்கள் நம்முடன் வேறொரு சந்தைக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அங்கே விற்கப்படுவது மீனன்று. ஒரு பெண்ணின் இரவு.

சென்ற மாதம் எம் அயல்வீட்டுப் பெண் ஒருத்தி விடுமுறையில் கல்முனைக்கு வந்திருந்தாள். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்பவள். உயர்தர வகுப்பில் வர்த்தகம் கற்கும் அவளுடைய தம்பியும் உடன் வந்திருந்தான். தேநீர் அருந்தியவாறு பேசிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: “மாமா, யாராவது கடமைக்கு வராவிட்டால் வாட்சாப் குழுவில் செய்தி போடுவார்கள். ‘நான் வருகிறேன்’ என்று முதலில் எழுதுகிறவருக்கு அந்த முறை. கைக்குழந்தை உள்ளவர்கள் எப்போதும் பிந்திவிடுவார்கள். இனி இதற்கென்று ஒரு செயலி வரப்போகிறதாம். எவ்வளவுக்கு வருவோம் என்று விலையையும் நாங்களே எழுத வேண்டுமாம்.”

தம்பிக்கு இது பெரிதும் பிடித்துவிட்டது. “நல்லதுதானே, தாத்தா! விலையை நீங்களே சொல்லலாம். ஏலம் என்றால் விலை ஏறத்தானே செய்யும்?” என்றான்.

அவன் கேட்டது பிழையான கேள்வியன்று. அதற்கு அன்று நாம் கூறிய விடையையே இவ்வாரம் சற்று விரித்து எழுதுகிறோம்.

இம்முறை புதியதன்று. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் தாதியருக்குப் பெருந் தட்டுப்பாடு நிலவியது. அங்குள்ள வைத்தியசாலைகள் வெற்றிடமாகும் கடமை முறைகளை நிரப்புவதற்கு, ஆள்வழங்கும் முகவர் நிலையங்களுக்குப் பெருந்தொகை கொடுத்து வந்தன. அச்செலவைக் குறைக்க நினைத்த சில வைத்தியசாலைகள் ஒரு வழியைக் கண்டன. நியூயோர்க் மாநிலத்தின் அல்பனி நகரிலுள்ள சென் பீற்றர்ஸ் வைத்தியசாலையும், தென் கரோலினாவிலுள்ள ஸ்பாட்டன்பேர்க் வைத்தியசாலையும் அவற்றுள் முன்னின்றவை. ஆளில்லாத கடமை முறைகளை இணையத்தில் அறிவித்து, அதற்குக் கொடுக்கக்கூடிய உச்ச மணிக்கூலியையும் குறிப்பிட்டுவிடுவர். தகுதியுள்ள தாதியர், ‘இன்ன தொகைக்கு வருகிறேன்’ என்று அந்த உச்சத்துக்குட்பட்ட ஒரு தொகையை எழுதுவர். பெரும்பாலும் குறைத்துக் கேட்டவருக்கே அந்த முறை கிடைக்கும்.

நியாயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். அம்முறையால் தாதியருக்கு நன்மையே விளையவில்லை என்று கூறிவிட முடியாது. முகவருக்குச் சென்ற பணத்தில் ஒரு பகுதி அவ்வைத்தியசாலைத் தாதியரின் கைக்கு வந்தது. வழக்கமான மணிக்கூலியைவிடக் கூடுதலாகப் பெற்றோரும் இருந்தனர். தம் பிள்ளைகளின் பள்ளி நேரத்துக்கும் வீட்டுக் கடமைக்கும் ஏற்ப வேலை நேரத்தைத் தாமே தெரிந்தெடுக்க முடிந்தது. மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்து, ‘இன்றிரவும் நீயே நிற்க வேண்டும்’ என்று கட்டாயப்படுத்துவதிலும் பார்க்க, விரும்புகிறவர் வந்து நிற்பது நோயாளிக்கும் நல்லதே. விடுதியின் நடைமுறையை அறிந்தவர் வருகிறார் என்பதும் ஒரு நன்மை. இவையெல்லாம் உண்மை.

ஆயினும் அந்த ஏலத்தின் திசையைக் கவனியுங்கள். கடற்கரையில் வாங்குவோர் பலர், அவர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடுகின்றனர், விலை ஏறுகிறது. இங்கோ வாங்குவது ஒரே வைத்தியசாலை, விற்போர் பலர், போட்டி விற்போருக்குள்ளே நிகழ்கிறது, ஆகவே விலை இறங்குகிறது. வீதி போடுவதற்கு அரசாங்கம் கேள்விப்பத்திரம் கோரும்போது குறைந்த தொகை குறிப்பிட்டவருக்கு ஒப்பந்தம் கிடைப்பதை நாம் அறிவோம். அதே இறங்கும் ஏலம்தான் இது. ஒப்பந்தக்காரர் கல்லிலும் தாரிலும் குறைத்து ஈடுசெய்துகொள்ள முயல்வார். தாதி எதில் குறைப்பாள்? தன் தூக்கத்தில்தான் குறைக்க முடியும்.

வியப்பு என்னவென்றால், உலகில் தாதியர் மிகுந்து கிடக்கவில்லை. 2023இல் உலகெங்கும் 2 கோடி 98 இலட்சம் தாதியர் பணியாற்றினர் என்றும், இன்னும் 58 இலட்சம் பேர் தேவைப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மீன் குறைந்த நாளில் மீனின் விலை ஏறுகிறது. தாதியர் குறைந்த காலத்தில் தாதியின் விலை மட்டும் ஏன் இறங்க வேண்டும்? வைத்தியசாலைகள் தாதியைத் தேடிப் போட்டியிட வேண்டிய இடத்தில், தாதியர் ஒருவரோடொருவர் போட்டியிடுமாறு ஏலம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்பதே இதற்கு விடை. உச்சவரம்பு எழுதப்பட்டிருக்கிறது, அடிவரம்பு எழுதப்படவில்லை. கூரை உண்டு, தரை இல்லை.

மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஓர் இராக்கடமைக்கு மணிக்கு 500 ரூபாய் உச்சம் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் கேட்கின்றனர். ஒருத்தி 500 எழுதுகிறாள். அடுத்தவள் 450. மூன்றாமவள் வீட்டு வாடகை கட்டவேண்டிய வாரமாதலால் 400 எழுதுகிறாள். நான்காமவளின் தாய் நோயுற்றிருக்கிறாள்; அவள் 320 எழுதுகிறாள். முறை அவளுக்கே. நால்வரின் கல்வியும் ஒன்று, கைத்திறனும் ஒன்று. விலையை நிர்ணயித்தது எது? திறமையன்று, தேவையின் கடுமை. யாருக்குப் பணம் மிக அவசரமோ அவருக்கே மிகக் குறைந்த கூலி என்று முடிகிறது. அடுத்த வாரம் மற்ற மூவரும் 320ஐ நினைவில் வைத்துக்கொண்டே எழுதுவார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தில் மற்றவர் குறுக்கே புகுந்து விலை குறைத்துச் சொல்லலாகாது என்பது நம் ஊர்ச் சந்தையில் தலைமுறை தலைமுறையாகப் போற்றப்படும் ஒழுக்கம். கூலிக்கு ஆள் அமர்த்தும்போது கூலி இன்னதென்று முன்கூட்டியே தெளிவாக இருக்கவேண்டும் என்பதும் நம் பெரியோர் வலியுறுத்தியதே. இறங்கும் ஏலம் இவ்விரண்டையும் ஒருங்கே மீறச் செய்கிறது. அதுவும், மீறுகிறவர் யாரை மீறினோம் என்றுகூட அறியாதபடி கைத்தொலைபேசித் திரைக்குப் பின்னே.

கடந்த சில ஆண்டுகளில் இம்முறை இன்னொரு படி கடந்துவிட்டது. இப்போது ஏலம் நடத்துவது வைத்தியசாலையன்று, இடையில் நிற்கும் செயலிக் கம்பனி. அமெரிக்காவிலுள்ள ரூஸ்வெல்ட் நிறுவகம் 2024 டிசம்பரில் இதுபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அச்செயலிகள் வழியாக வேலை செய்த 29 தாதியரையும் தாதி உதவியாளரையும் கண்டு பேசி எழுதப்பட்ட அறிக்கை அது. குறைத்துக் கேட்பவருக்கு வேலை என்ற போட்டியையும், பெறும் கூலியிலிருந்து கழிக்கப்படும் கட்டணங்களையும், கடைசி நேரத்தில் முறை இரத்தாவதால் ஏற்படும் நட்டத்தையும் அது எடுத்துரைக்கிறது. முன்பின் அறியாத வைத்தியசாலைக்குச் சென்று, மருந்து அலுமாரி எங்கே இருக்கிறது என்பதும் தெரியாமல் வேலையைத் தொடங்க நேர்ந்தவர்களின் நிலையும் அதில் உண்டு. வாடகை வண்டிக்குப் பொருந்தும் வழி நோயாளியின் கட்டிலுக்கும் பொருந்துமா என்பதே அவ்வறிக்கை எழுப்பும் வினா.

இது தாதியரின் பிரச்சினை, நமக்கென்ன என்று எண்ணும் வாசகர்கள் இருக்கக்கூடும். அவர்களுக்கு இரண்டு ஆய்வுகளை நினைவூட்டுகிறோம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஐக்கன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு தாதியின் பொறுப்பில் மேலும் ஒரு சத்திரசிகிச்சை நோயாளி சேரும்போது, முப்பது நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது. ஆன் ரொஜர்ஸ் என்பவரின் தலைமையில் நடைபெற்று 2004இல் வெளிவந்த ஆய்வோ, பன்னிரண்டரை மணித்தியாலமோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலை செய்த தாதியர் தவறிழைக்கும் வாய்ப்பு மூன்று மடங்காகிறது என்று கண்டது. கூலி தாழ்ந்தால் வருமானத்தை நிரப்ப மேலும் மேலும் முறைகளை எடுக்க வேண்டும். முறைகள் கூடினால் களைப்புக் கூடும். களைத்த கை ஊசி மருந்தின் அளவைப் பிசகவிட்டால், அந்தக் கட்டிலில் கிடப்பது நம் உம்மாவாக இருக்கலாம். நம் பிள்ளையாக இருக்கலாம்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். கல்முனை நகரில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. அரசாங்க வைத்தியசாலைகளில் காலை ஏழு முதல் ஒரு மணி வரையும், ஒரு மணி முதல் இரவு ஏழு வரையும், இரவு ஏழு முதல் மறுநாட் காலை ஏழு வரையும் என முறைகள் சுழல்வதே வழக்கம். இங்கே கூலியை ஏலம் தீர்மானிப்பதில்லை. சம்பள அளவுத்திட்டமும் சுற்றறிக்கையும் தீர்மானிக்கின்றன. அதனால் எல்லாம் நேராகிவிட்டதென்று எவரும் கூறார். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வைத்தியர்களுக்குரிய விசேட கொடுப்பனவு 35,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோது, தமக்கும் நியாயம் வேண்டுமென்று ஏனைய சுகாதார ஊழியர் சங்கங்கள் பெப்ரவரி 1ஆம் திகதி வேலைநிறுத்தத்தில் இறங்கின. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினர் உதவிக்கு அனுப்பப்பட்டனர்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2025 பெப்ரவரி 17ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், அரசாங்க ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயரும் என்று அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். எனினும் மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணக்கிடும் முறை மாற்றப்படுவதைக் கண்டு தாதியர் வீதியில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். இதன் சூட்சுமத்தையும் மாணவர் அறிய வேண்டும். மேலதிக மணிக்கூலி என்பது அடிப்படைச் சம்பளத்தை ஓர் எண்ணால் வகுத்து வருவது. உதாரணத்துக்கு, 40,000ஐ 160ஆல் வகுத்தால் மணிக்கு 250 ரூபாய். 200ஆல் வகுத்தால் 200 ரூபாய். மேலே உள்ள எண்ணை எல்லோரும் பார்க்கின்றனர். கீழே உள்ள எண்ணைப் பார்ப்பவர் சிலரே. இராக்கடமை பார்க்கும் குடும்பத்தின் அரிசிப்பானையோ பெரும்பாலும் அந்தக் கீழ் எண்ணையே நம்பியிருக்கிறது.

ஆனாலும் இதற்கும் ஏலத்துக்கும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. சுற்றறிக்கை எல்லோருக்கும் ஒன்று. அது பிழையென்றால் எல்லோரும் கூடி நின்று பிழையென்று சொல்லலாம். அமைச்சரோடு பேசலாம், பத்திரிகைக்கு எழுதலாம். ஏலத்திலோ ஒவ்வொருத்தியும் தன் கைத்தொலைபேசியோடு தனித்து நிற்கிறாள். அவளுக்கு எதிரே கம்பனி தெரிவதில்லை; தன் தோழியின் விலைதான் தெரிகிறது, அல்லது அதுவும் தெரிவதில்லை. யாரிடம் சென்று முறையிடுவது?

அடிவரம்பு ஒன்று இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு அயல்நாடாகிய இந்தியா ஓர் எடுத்துக்காட்டு. அங்கு தனியார் வைத்தியசாலைத் தாதியரின் ஊதியத்தை ஆராயுமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. அதன்படி அமைந்த குழு, ஐம்பதுக்கும் குறைந்த கட்டில்களைக் கொண்ட சிறு வைத்தியசாலையிலும் மாதம் 20,000 இந்திய ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளத் தாதியர் விடாது போராடி, 2018 ஏப்ரலில் அத்தொகையையே குறைந்தபட்ச ஊதியமாகத் தம் மாநில அரசாங்கம் அறிவிக்கச் செய்தனர். தரை இட்டபின் அதற்கு மேலே எவ்வளவு போட்டி நிகழ்ந்தாலும் ஒருவரும் குழிக்குள் விழுவதில்லை.

“தாதித்தொழில் ஒரு தொண்டு, தொண்டுக்குப் பணக் கணக்கா?” என்று கேட்பவர்களும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமுமான அந்தக் காலையில், மருதமுனை தொடக்கம் கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஊடாகக் கடல் எழுந்து வந்தபோது, ஓய்வில் இருந்த தாதியர் முறை பாராமல் வந்து நின்றதை இக்கரை மறக்கவில்லை. அன்று விலை பேசினார் எவருமில்லை. தொண்டு என்பது அதுதான். அதை எவரும் கேட்டு வாங்க முடியாது. ஆனால் அந்தத் தொண்டுள்ளத்தைக் காட்டியே வழக்கமான நாளின் கூலியைக் குறைப்பது தொண்டைப் போற்றுவதாகாது. தொண்டின் மீது சுரண்டுவதாகும். இஸ்லாமிய வரலாற்றின் முதல் தாதியெனப் போற்றப்படும் ருபைதா, மதீனாப் பள்ளிவாசலருகே கூடாரம் அமைத்துக் காயமுற்றோரைப் பராமரித்தவர். கைபர் போரின் பின் போர்வீரர் ஒருவருக்குரிய பங்கு அவருக்கும் அளிக்கப்பட்டதென்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860இல் லண்டனில் தொடங்கிய தாதியர் பள்ளியிலும் பயிலும் பெண்களுக்கு உணவும் உறைவிடமும் சிறு உதவிப்பணமும் உண்டு. தொண்டின் சிகரங்களாக நாம் போற்றும் பெயர்களே உழைப்புக்குரிய பங்கைத் தாழ்வாகக் கருதவில்லை.

அப்படியாயின் அச்செயலி வேண்டாமென்று சொல்கிறோமா? அவ்வாறன்று. முறைகளை இணையத்தில் அறிவிப்பது நல்லதே. கைக்குழந்தைக்காரிக்கும் அவகாசம் கொடுத்தால் வாட்சாப் ஓட்டப்பந்தயத்தைவிட நல்லது. நாம் கேட்பது சிலவே. வழக்கமான மேலதிக நேரக் கூலிக்குக் கீழே எந்த விலையும் ஏற்கப்படலாகாது. நிரப்ப முடியாத முறைக்கு விலை மேலே ஏறட்டும். கீழே இறங்க வேண்டாம். பன்னிரண்டு மணித்தியாலம் நின்றவர், உரிய ஓய்வு கழியுமுன் அடுத்த முறையைக் கேட்க முடியாதபடி கணினியே தடுக்கட்டும். யாருக்கு, என்ன தொகைக்கு, எக்காரணத்தால் முறை கொடுக்கப்பட்டதென்று எல்லோரும் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். கேட்காதிருப்பவர் மீது குற்றம் சாட்டப்படாதிருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிரந்தர ஆளை நியமிக்க வேண்டிய இடத்தை ஏலத்தால் அடைத்துக்கொண்டு காலந்தள்ளும் வழக்கம் வராதிருக்கட்டும்.

இவற்றை நாம் சொல்லி முடித்தபோது அந்தத் தம்பி சிறிது நேரம் பேசாமலிருந்தான். பின்னர், “அப்படியென்றால் ஏலம் நல்லதா கெட்டதா என்று கேட்கக்கூடாது, போட்டியிடுவது வாங்குகிறவரா, விற்கிறவரா என்றுதான் கேட்க வேண்டும்” என்றான். தாத்தா சிரித்துக்கொண்டு, “விற்கிற பொருள் களைத்துப்போகுமா என்றும் கேள்” என்றாள்.

பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களே, இவ்விரு கேள்விகளையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை தாதியராகவோ, கணக்காளராகவோ, அச்செயலியை அமைக்கும் பொறியியலாளராகவோ நீங்கள் அமரும்போது இவை உதவும். பெற்றோரே, அடுத்த முறை நோயாளியைப் பார்க்க விடுதிக்குச் செல்லும்போது, இரவு முழுதும் விழித்திருந்து சேலைன் போத்தலை மாற்றிய மிஸ்ஸியிடம், ‘எத்தனையாவது முறை இது, மகள்?’ என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அவள் கூறும் விடையில் நம் நோயாளியின் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது.